நடுவில் நின்ற மூவர்

2021 பிப்ரவரி 7 அன்று, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து டாம்பா நகரில் 55-ஆவது சூப்பர் பவுல் நடந்தது. அந்நாட்டுக் கால்பந்தின் இறுதிப் போட்டி அது. முந்தைய ஆண்டின் சாம்பியனான கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி, டாம்பா பே பக்கனியர்ஸிடம் 31–9 என்று தோற்றது. சீஃப்ஸின் பேட்ரிக் மஹோம்ஸ் அன்றைய ஆட்டக்காரர்களில் ஆகச் சிறந்தவர் என்பதில் பலருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஏழு மாதங்களுக்கு முன்புதான் 10 ஆண்டுகளுக்கு 50 கோடி டாலரை எட்டக்கூடிய ஒப்பந்தம் அவரோடு போடப்பட்டிருந்தது. அப்படிப்பட்டவரால் அன்று அணிக்கு, பந்தை எதிரணி எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் டச்டவுன் ஒன்றுகூட எடுத்துத் தர முடியவில்லை. பந்தை எறிவதற்கோ எதிரிகளிடம் பிடிபடுவதற்கோ முன்னால் அவர் பின்வாங்கியும் விலகியும் ஓடிய தூரம் மட்டும் 497 கஜம் என்று லீகின் கணக்கீடு சொன்னது. 29 முறை நெருக்கப்பட்டார். சூப்பர் பவுல் வரலாற்றில் அதற்கு முன் எந்தக் குவாட்டர்பேக்கும் அத்தனை முறை நெருக்கப்பட்டதில்லை.

ஆட்டம் அறியாதவர்களுக்காக ஒரு பத்தி. நாம் கால்பந்து என்று சொல்வதற்கும் இதற்கும் பெயர் ஒன்றுதான், வேறு உறவில்லை. பந்து வைத்திருக்கும் அணியின் 11 பேரில் குவாட்டர்பேக்தான் ஆட்டத்தை நடத்துபவர். அவருக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே விளிம்பில் டேக்கிள்கள். சென்டர் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுத்ததும் எதிரணித் தடுப்பாளர்கள் பாய்வார்கள். அவர்களை இரண்டரை, மூன்று விநாடி நிறுத்திவைப்பது இந்த ஐவரின் வேலை. நிறுத்தத் தவறி, குவாட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்பட்டால் அதற்குப் பெயர் சேக். ஒவ்வொருவரும் 135 முதல் 155 கிலோ எடை. வழக்கமான ஆட்டத்தில் எறியப்பட்ட பந்தைப் பிடிக்க விதி இவர்களுக்கு இடம் தருவதில்லை. புள்ளிப் பட்டியலில் பெயர் வராது. நடுவர் தண்டம் விதிக்கும்போதுதான் இவர்களுடைய எண் ஒலிபெருக்கியில் கேட்கும்.

டாம்பாவில் நின்ற ஐவர், சீஃப்ஸ் அந்தப் பருவத்துக்கு வகுத்திருந்த ஐவர் இல்லை. இடது டேக்கிள் எரிக் ஃபிஷருக்கு அதற்கு இரண்டு வாரம் முன்பு குதிகால் நாண் அறுந்தது. வலது டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் ஒரு காலத்தில் 7,894 ஆட்டக் கணங்களில் ஒன்றையும் விடாமல் தொடர்ந்து களத்தில் நின்றவர். முதுகு வலியால் அக்டோபரோடு அவர் விலகிவிட்டார். கார்டு கெலேச்சி ஓசெமெலேவுக்கு முழங்கால்கள் போயின. இன்னொரு கார்டான லோரான் டுவெர்னே-டார்டிஃப் மருத்துவம் படித்தவர். கொரோனா ஆண்டில் ஆட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மான்ட்ரியல் பக்கத்து முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை பார்க்கப் போனார். மிஞ்சியவர்களை இடம் மாற்றி நிறுத்தினார்கள். பருவத்தின் முதல் ஆட்டத்தில் நின்ற அதே இடத்தில் இறுதியாட்டத்திலும் நின்றவர், சென்டர் ஆஸ்டின் ரைட்டர் ஒருவர் மட்டுமே. எதிரணிப் பயிற்சியாளர் டாட் பவுல்ஸ் இதைக் கண்டுகொண்டார். கூடுதல் ஆட்களை ஏவிப் பாய வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. நான்கு பேரை அனுப்பி வேலையை முடித்துக்கொண்டு, மற்ற ஏழு பேரைப் பின்னால் காவலுக்கு நிறுத்தினார்.

அடுத்து சீஃப்ஸ் செய்தது என்ன, அது ஏன் பலித்தது, பின்பு எங்கே உடைந்தது என்பதே இந்தக் கட்டுரைக்குப் பொருள். இதைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுவது, ‘பணத்தைக் கொட்டி வரிசையை வாங்கினார்கள்’ என்பது. விவரங்களை அடுக்கிப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. விலை கொடுத்து வாங்கியதில் நிலைத்தது ஒருவர்தான். அவரும் எல்லா அணிகளும் அடித்துக்கொள்ளும் விளிம்பு இடத்துக்கு வாங்கப்பட்டவர் இல்லை.

ஃப்ரீ ஏஜென்சி என்பது ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர், தான் விரும்பும் அணியோடு பேசிச் சேரும் உரிமை. ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். இங்கே சுத்தியல் கிடையாது. அதிக விலை சொன்னவருக்கே போக வேண்டும் என்ற கட்டாயம் ஆட்டக்காரருக்கு இல்லை. மார்ச் நடுவில் லீகின் புத்தாண்டு பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பே முகவர்களோடு பேச அனுமதி உண்டு. பெரிய பேரங்கள் அந்த இரண்டு நாளிலேயே முடிந்துவிடும். இந்த உரிமை எளிதில் வந்ததில்லை. 1992-இல் ஃப்ரீமன் மக்நீல் என்ற ஆட்டக்காரரும் வேறு சிலரும் தொடுத்த வழக்கில் நடுவர் குழு லீகுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான், 1993-இல் உண்மையான ஃப்ரீ ஏஜென்சி தொடங்கியது. ஆட்டக்காரர்களுக்கு இதைக் கொடுத்த முதலாளிகள் பதிலுக்குச் சம்பள வரம்பைப் பெற்றுக்கொண்டார்கள். 1994-இல் ஓர் அணி மொத்தமாகச் செலவிடக்கூடியது 3.46 கோடி டாலர். 2025-இல் அது 27.92 கோடி.

சந்தை திறந்த முதல் ஆண்டிலேயே, ஐவர் வரிசையில் நிற்கும் லைன்மேன் ஒருவரால் ஒரு குழப்பம் வந்தது. பஃபலோ பில்ஸின் இடது டேக்கிள் வில் வோல்ஃபர்டுக்கு இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் மூன்று ஆண்டுக்கு 76.5 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. அதே விலையைக் கொடுத்து அவரைத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை பஃபலோவுக்கு இருந்தது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில், அணியின் தாக்குதல் ஆட்டக்காரர்களில் அதிக ஊதியம் பெறுபவராக வோல்ஃபர்டே இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. நட்சத்திரக் குவாட்டர்பேக் ஜிம் கெல்லிக்கு அதைவிட அதிகம் கொடுத்துக்கொண்டிருந்த பஃபலோ கையைப் பிசைந்துகொண்டு நின்றது. பெயரே தெரியாத ஒரு லைன்மேனுக்கு இவ்வளவா என்று லீக் முழுதும் வாய் பிளந்தது.

பிளந்த வாய் சீக்கிரம் மூடிக்கொண்டது. மைக்கேல் லூயிஸ் 2006-இல் எழுதிய ‘தி பிளைண்ட் சைட்’ நூல் அதன் காரணத்தைப் பொதுவாசகருக்கு விளக்கியது. வலது கையால் எறியும் குவாட்டர்பேக்குக்கு இடது பக்கம் முதுகுப் பக்கம். அங்கிருந்து பாய்பவரை அவரால் பார்க்க முடியாது. 1985 நவம்பரில் லாரன்ஸ் டெய்லர் வீழ்த்தியதில் ஜோ தைஸ்மனின் கால் எலும்பு முறிந்த காட்சியைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அந்த முதுகைக் காப்பவர் இடது டேக்கிள், ஆகவே குவாட்டர்பேக்குக்கு அடுத்தபடியாக விலை உயர்ந்தவர் அவர் என்ற கருத்து அதற்குப் பிறகு லீகில் வேதவாக்காகவே ஆயிற்று.

அது பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதனால் சந்தை கோணலாயிற்று. நல்ல இடது டேக்கிளை வைத்திருக்கும் அணி அவரைச் சந்தைக்கு விடுவதே இல்லை. ஒப்பந்தம் முடியுமுன்பே நீட்டித்துவிடும், முடியாவிட்டால் ‘ஃப்ரான்சைஸ் டேக்’ என்ற முத்திரையைக் குத்தி ஓராண்டு கட்டிவைக்கும். மார்ச்சில் வெளியே வருகிற டேக்கிள்களில் பெரும்பாலோர், சொந்த அணி ஏதோ காரணத்தால் கைவிட்டவர்கள். அவர்களுக்கும் உச்ச விலைதான். 2018-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ், நேட் சோல்டருக்கு நான்கு ஆண்டுக்கு 6.2 கோடி டாலர் கொடுத்தது. அன்றைக்கு லைன்மேன்களில் அதுவே உச்சம். அந்த நான்கு பருவங்களிலும் ஜயன்ட்ஸ் ஒருமுறைகூட பிளேஆஃப் பக்கம் போகவில்லை.

கார்டுகளின் கதை வேறு. அதற்குக் காரணம், லீகின் விதிப் புத்தகத்தில் யாரும் அதிகம் பேசாத ஒரு நுணுக்கம். டேக் முத்திரையின் விலை அந்தந்த இடத்தின் உச்ச ஊதியங்களை வைத்துக் கணக்கிடப்படும். லைன்மேன்களுக்கு மட்டும் ஐந்து இடங்களையும் ஒரே இடமாகச் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். ஆக, ஒரு கார்டைக் கட்டிவைக்க டேக்கிள் விலை கொடுக்க வேண்டும். யார் கொடுப்பார்? எனவே முதல் தரக் கார்டுகளும் சென்டர்களும் சந்தைக்குக் கசிகிறார்கள். 2006-இல் சியாட்டில் சீஹாக்ஸ் இதனால் சூடுபட்டது. தன் கார்டு ஸ்டீவ் ஹட்சின்சனுக்கு முழு முத்திரை குத்தாமல், விலை குறைந்த இன்னொரு முத்திரையைக் குத்தியது. மின்னசோட்டா வைக்கிங்ஸ் ஏழு ஆண்டுக்கு 4.9 கோடி டாலர் நீட்டி, அணியின் லைன்மேன்களில் அவரே அதிக ஊதியக்காரராக இல்லாவிட்டால் மொத்தத் தொகையும் உத்தரவாதமாகிவிடும் என்று ஒரு வரியைச் சேர்த்தது. சியாட்டிலில் இடது டேக்கிள் வால்டர் ஜோன்ஸ் அதைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்தார். ஹட்சின்சன் போய்விட்டார். பின்னால் ஹால் ஆஃப் ஃபேமுக்கும் போனார்.

2021 மார்ச்சுக்கு வருவோம். கொரோனாவால் அரங்குகள் காலியாகக் கிடந்ததில் லீகின் வருமானம் விழுந்து, சம்பள வரம்பு 19.82 கோடியிலிருந்து 18.25 கோடியாக இறங்கியது. வரிசையைத் திரும்பக் கட்டுவதற்கு இதைவிட மோசமான ஆண்டு இருக்க முடியாது என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் பணம் புரட்டத் தெரிந்த அணிக்கு அது நல்ல ஆண்டு. மற்றவர்கள் கையைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். சீஃப்ஸின் பொது மேலாளர் பிரெட் வீச், மஹோம்ஸுக்கு அவ்வாண்டு தர வேண்டியிருந்த சுமார் 2.17 கோடி டாலர் போனஸைக் கையெழுத்துத் தொகையாக மாற்றினார். கையில் கிடைக்கும் பணம் அதேதான். ஆனால் கணக்கில் அது ஐந்து ஆண்டுக்குப் பிரித்து எழுதப்படும். ஒரே பேனாக் கீறலில் சுமார் 1.7 கோடி டாலர் இடம் கிடைத்தது. மார்ச் 11 அன்று ஃபிஷரையும் ஷ்வார்ட்ஸையும் ஒரே நாளில் விடுவித்தார்கள். அதில் இன்னொரு 1.8 கோடி. ஃபிஷர், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2013-இன் முதல் ஆள், பயிற்சியாளர் ஆண்டி ரீட் கன்சாஸ் சிட்டிக்கு வந்ததும் தேர்ந்தெடுத்த முதல் ஆள். கல்லூரிக் காலத்தில் ரீடும் லைன்மேன்தான். பயிற்சியாளராகவும் வரிசையிலிருந்தே மேலே வந்தவர். அவருக்கு அந்த நாள் இனித்திருக்காது.

முதல் வலை பெரிய மீனுக்குத்தான் வீசப்பட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவின் இடது டேக்கிள் டிரென்ட் வில்லியம்ஸை வாங்கக் கடைசிவரை முயன்றார்கள். அவர் ஆறு ஆண்டுக்கு 13.8 கோடி டாலருக்குப் பழைய அணியிலேயே இருந்துவிட்டார். கிடைக்காமல் போனது சீஃப்ஸின் நல்ல காலம் என்பேன். வில்லியம்ஸின் ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை, அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் அற்புதமாக ஆடினார். ஆனால் அந்தப் பணம் போயிருந்தால் மற்ற நான்கு இடங்களுக்கும் ஒட்டுப்போடத்தான் முடிந்திருக்கும்.

அவர்கள் வாங்கியது நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் இடது கார்டு ஜோ தூனியை. ஐந்து ஆண்டுக்கு 8 கோடி டாலர். டாம் பிரேடிக்கு முன்னால் நின்று இரண்டு சூப்பர் பவுல் வென்றவர். முந்தைய ஆண்டு பேட்ரியட்ஸ் அவருக்கு டேக் குத்தியிருந்தது. இரண்டாம் முறையும் டேக்கிள் விலை கொடுக்க அதற்கு மனமில்லை. மற்ற இரண்டு பெயர்களையும் சொல்லிவிடலாம். ஓய்விலிருந்து திரும்பிய கைல் லாங் கோடைப் பயிற்சியிலேயே காயப்பட்டார், ஒரு ஆட்டமும் ஆடவில்லை. சென்டர் ஆஸ்டின் பிளைத் வந்தார், மாற்று ஆளாகவே அந்த ஆண்டைக் கழித்தார். மார்ச் சந்தையில் பிடித்த மூவரில் தேறியது ஒருவர். இந்தச் சந்தைக்கு இது மோசமான விகிதமும் இல்லை.

மற்ற இடங்கள் வேறு வழிகளில் நிரம்பின. ஏப்ரல் 23 அன்று பால்டிமோர் ரேவன்ஸோடு ஒரு டிரேட் முடிந்தது. 31-ஆவது டிராஃப்ட் இடத்தையும் இன்னும் சில இடங்களையும் கொடுத்து, டேக்கிள் ஆர்லாண்டோ பிரவுனையும் 58-ஆவது இடத்தையும் பெற்றார்கள். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான பிரவுன் பால்டிமோரில் வலது பக்கம் நின்றவர். இடது டேக்கிளாக ஆட வேண்டும் என்பது, அதே லீகில் வலது டேக்கிளாக ஆடி மறைந்த அவருடைய தந்தையின் ஆசை. அதற்காகவே பால்டிமோரை விட்டு வெளியேற விரும்பினார். அடுத்த வாரம் டிராஃப்ட். 63-ஆவது இடத்தில் ஓக்லஹோமா பல்கலைக்கழகச் சென்டர் கிரீட் ஹம்ஃப்ரியை எடுத்தார்கள். இடது கையால் பந்து கொடுக்கும் அபூர்வப் பழக்கம் அவருக்கு. ஆறாம் சுற்றில், 226-ஆவது ஆளாக, டென்னசி பல்கலைக்கழகத்தின் கார்டு டிரே ஸ்மித். பள்ளிக் காலத்திலேயே நாடு முழுதும் தேடப்பட்ட ஆட்டக்காரர் இவர். கல்லூரியில் நுரையீரலில் இரத்தக்கட்டி கண்டுபிடிக்கப்பட்டதால் 31 அணிகளும் தயங்கின, கன்சாஸ் சிட்டியும் ஐந்து சுற்றுவரை தயங்கத்தான் செய்தது. வலது டேக்கிள் லூகஸ் நியாங், முந்தைய ஆண்டே டிராஃப்டில் எடுக்கப்பட்டு, கொரோனாவால் ஆடாமல் இருந்தவர்.

2021 பருவத்தின் முதல் ஆட்டத்தில் கிளீவ்லாந்துக்கு எதிராக இந்த ஐவரும் இறங்கினார்கள். ஐவரில் ஒருவர்கூட அதற்கு முன் சீஃப்ஸ் சட்டையில் ஒரு லீக் ஆட்டம் ஆடியதில்லை. ஆட்டத்தை 33–29 என்று வென்றார்கள். பருவ நடுவில் நியாங் காயப்பட, டாம்பாவில் அடிவாங்கிய ஆண்ட்ரூ வைலியே மறுபடி வலது டேக்கிளாக வந்தார்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐந்து புதியவர்கள் சேர்ந்து ஒரு வரிசையாக ஆவது எளிய காரியமில்லை. எதிரிகள் நேராக வருவதில்லை. வெளியே நிற்பவர் உள்ளே பாய்வார், உள்ளே நிற்பவர் அவர் முதுகைச் சுற்றி வெளியே வருவார். அந்த நொடியில் கார்டும் டேக்கிளும் தங்கள் ஆளை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். பேசிக்கொள்ள நேரமில்லை. பக்கத்தில் நிற்பவரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்பும் என்று உடம்புக்கே தெரிந்திருக்க வேண்டும். யார் யாரைப் பிடிப்பது என்று பந்து வருவதற்கு முன் கூவிச் சொல்பவர் சென்டர். இதைப் பழக்குவதற்கான நேரமும் சுருங்கிவிட்டது. 2011-இல் ஆட்டக்காரர் சங்கத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகு, பருவம் நடக்கும்போது முழுக் கவசத்தோடு மோதிப் பயிற்சி செய்ய 14 நாள்தான் அனுமதி. உடம்புக்கு நல்லது, மறுக்க முடியாது. வரிசைப் பயிற்சியாளர்கள் அன்றிலிருந்து புலம்பிக்கொண்டிருப்பதும் உண்மை. அதனால்தான், பாடத்தை ஏற்கெனவே கற்றவராக, சந்தையில் கிடைக்கும் முதிர்ந்த ஆட்டக்காரருக்கு மவுசு கூடியது. சீஃப்ஸின் கெட்டிக்காரத்தனம், அப்படி முதிர்ந்த ஒருவரை இரண்டு முதலாண்டுக்காரர்களுக்கு அருகே வைத்தது. தூனி, ஹம்ஃப்ரி, ஸ்மித் என்று நடு மூன்று இடமும் அன்றைக்கே உறைந்துவிட்டன. மூன்று பருவத்துக்கு மேல் பெரும்பாலும் அசையவில்லை.

நடு ஏன் முக்கியம்? விளிம்பிலிருந்து வருபவர் வளைந்து வர வேண்டும். குவாட்டர்பேக் இரண்டு அடி முன்னே நகர்ந்தால் அவர் பின்னால் கடந்துபோய்விடுவார். டேக்கிள் தடுமாறினால் உதவிக்கு ஆள் அனுப்பலாம், பக்கத்திலிருக்கும் டைட் எண்டோ ரன்னிங் பேக்கோ ஒரு தோள் கொடுத்துவிட்டு ஓடலாம். நடுவில் பிளந்துகொண்டு வருபவருக்கு இந்த மருந்துகள் எதுவும் வேலை செய்யாது. முன்னே நகர இடமிருக்காது, பார்வையும் மறைந்துவிடும். மஹோம்ஸ் போல, முதல் திட்டம் கெட்ட பிறகு அசைந்து அசைந்து புதுத் திட்டம் செய்பவருக்கு விளிம்பு கொஞ்சம் கசிந்தாலும் பொறுக்கலாம், நடு உடைந்தால் ஆட்டமே இல்லை. இது என் கணிப்பு. முதுகுப்பக்கக் கொள்கைக்காரர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

ஆனால் கன்சாஸ் சிட்டியின் அடுத்த ஆண்டுகள் இதற்குச் சான்றாகவே அமைந்தன. 2023 பிப்ரவரி 12 அன்று 57-ஆவது சூப்பர் பவுலில் எதிரே ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். அந்தப் பருவத்தில் 70 சேக் எடுத்த அணி அது. 1984-இல் சிகாகோ பேர்ஸ் எடுத்த 72-க்கு இரண்டே குறைவு. ஒரே அணியில் நான்கு பேர் தலா 10-க்கு மேல் எடுத்திருந்தார்கள். அன்று மஹோம்ஸ் மீது ஒரு சேக்கும் விழவில்லை. சீஃப்ஸ் 38–35 என்று வென்றது. கிளெண்டேல் மைதானத்துப் புல் வழுக்கியது என்று ஃபிலடெல்ஃபியா ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். வழுக்கியது உண்மைதான், இரண்டு அணிக்கும்.

வென்ற மறுமாதமே விளிம்பு கலைந்தது. முந்தைய ஆண்டு சீஃப்ஸ் நீட்டிய, 13.9 கோடி டாலர் என்று செய்திகள் சொன்ன ஆறாண்டு ஒப்பந்தத்தை மறுத்திருந்த பிரவுன், நான்கு ஆண்டுக்கு 6.4 கோடிக்குச் சின்சினாட்டி பெங்கால்ஸுக்குப் போனார். வைலி வாஷிங்டனுக்குப் போனார். சீஃப்ஸ் ஜாக்சன்வில்லிலிருந்து ஜவான் டெய்லரை நான்கு ஆண்டுக்கு 8 கோடிக்கு எடுத்தது. தண்டத்துக்கு மேல் தண்டம் வாங்கி ரசிகர்களின் பொறுமையைச் சோதித்தவர் அவர். இடது பக்கத்துக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் டானவன் ஸ்மித் வந்தார். டாம்பாவில் அன்று வென்ற பக்கனியர்ஸின் இடது டேக்கிள் அவர்தான். இரண்டு விளிம்பும் புதிது, நடு பழையது. 2024 பிப்ரவரியில் மறுபடி சாம்பியன்.

அந்த இறுதியாட்டம் என் வாதத்துக்கு இடைஞ்சலான ஒன்று. மார்புத் தசைக் காயத்தால் தூனி அதில் ஆடவில்லை. அவரிடத்தில் நின்ற நிக் அலெக்ரெட்டி, இரண்டாம் கால்பகுதியில் முழங்கைத் தசைநார் அறுந்தும் கடைசிவரை, கூடுதல் நேரம் முடியும்வரை ஆடினார். நடுவில் ஒருவர் போயும் வென்றார்களே என்று கேட்டால் நியாயம்தான். பதில் அலெக்ரெட்டியின் வரலாற்றில் இருக்கிறது. 2019-இல் ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்டு ஐந்து ஆண்டு அதே அணியில் வளர்ந்தவர், ஹம்ஃப்ரியின் கூவலை மூன்று பருவம் கேட்டுப் பழகியவர். வெளியிலிருந்து வாங்கிவந்த ஆள் இல்லை. அடுத்த மாதம் வாஷிங்டன் அவரையும் சந்தையில் எடுத்துக்கொண்டது.

சின்சினாட்டியையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும், ஏனென்றால் கன்சாஸ் சிட்டி செய்ததாகப் பலர் நினைப்பதைச் செய்தது அந்த அணிதான். 2021 பருவத்தில் அதன் குவாட்டர்பேக் ஜோ பர்ரோ பிளேஆஃப் உட்பட 70 முறை வீழ்த்தப்பட்டார். 56-ஆவது சூப்பர் பவுலில் மட்டும் ஏழு முறை. 2022 மார்ச்சில் பெங்கால்ஸ் சந்தையில் ஒரே வீச்சில் மூன்று பேரை வாங்கியது. கார்டு அலெக்ஸ் காப்பா, சென்டர் டெட் காரஸ், வலது டேக்கிள் லாயல் காலின்ஸ். முதல் இரண்டு ஆட்டத்திலேயே 13 சேக். போகப்போக வரிசை கூடிவந்தது. அப்போது காலின்ஸுக்கு முழங்கால், காப்பாவுக்குக் கணுக்கால், இடது டேக்கிள் ஜோனா வில்லியம்ஸுக்கு முழங்கால் சில்லு என்று வரிசையாக விழுந்தார்கள். 2023 ஜனவரியில் கன்சாஸ் சிட்டியில் நடந்த அரையிறுதியில் மூன்று மாற்று ஆட்களோடு நின்று, ஐந்து சேக் வாங்கி, 23–20 என்று தோற்றது. வாங்கிய மூவரும் நல்ல ஆட்டக்காரர்கள். ஐவரை நிறுத்தப் பணம் போதும், ஆறாவது ஏழாவது ஆளை அணியே வளர்த்திருக்க வேண்டும் என்பதை அந்த ஜனவரி காட்டியது.

கன்சாஸ் சிட்டிக்கும் அந்த நாள் வந்தது. 2024-இல் இடது டேக்கிள் இடத்துக்கு இரண்டாம் சுற்றில் எடுத்த கிங்ஸ்லி சுவாமடாயாவை நிறுத்தினார்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே உட்காரவைத்தார்கள். வான்யா மாரிஸ் வந்தார். போதவில்லை. நவம்பரில் டி.ஜே. ஹம்ஃப்ரீஸ் என்ற மூத்த ஆட்டக்காரரைக் கூட்டிவந்தார்கள், அவரும் காயப்பட்டார். டிசம்பரில் ரீடும் வரிசைப் பயிற்சியாளர் ஆண்டி ஹெக்கும் தூனியை இடது கார்டிலிருந்து இடது டேக்கிளுக்கு நகர்த்தினார்கள். அவரிடத்தில் மைக் காலியெண்டோ. கொஞ்சநாள் ஓடியது. 15 வெற்றி, 2 தோல்வி என்று முடிந்த பருவத்தில் யாருக்கும் பெரிய கவலை எழவில்லை. மஹோம்ஸ் 36 முறை வீழ்த்தப்பட்டிருந்தார் என்ற எண்ணை மட்டும் சிலர் சுட்டிக்காட்டினார்கள்.

2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் மறுபடி ஃபிலடெல்ஃபியா. முதல் பாதியில் சீஃப்ஸ் முன்னேறிய மொத்தத் தூரம் 23 கஜம். மஹோம்ஸ் ஆறு சேக் வாங்கினார், அவருடைய ஆட்ட வாழ்வில் ஒரே நாளில் அதிகம். ஈகிள்ஸ் அன்று ஒருமுறைகூடக் கூடுதல் ஆளை ஏவவில்லை. டாம்பாவில் பவுல்ஸ் செய்ததுபோல நால்வரே போதுமாக இருந்தது. விளிம்பிலிருந்து ஜாஷ் ஸ்வெட் இரண்டரை சேக், உள்ளிருந்து மில்டன் வில்லியம்ஸ் இரண்டு. 40–22 என்ற எண் சீஃப்ஸ் மேல் கருணை காட்டிய எண். ஒரு விளிம்பை ஒட்ட நடுவிலிருந்து கல்லைப் பிடுங்கினால் இரண்டு இடம் ஆடும். லீகின் தலைசிறந்த இடது கார்டை இழந்து, ஒரு சுமாரான இடது டேக்கிளைப் பெற்றார்கள். இது தவறு என்று பின்னாலிருந்து சொல்வது எளிது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அலெக்ரெட்டி மட்டும் இருந்திருந்தால் அந்தக் கார்டு இடமாவது பழகிய கையில் இருந்திருக்கும்.

எதிரே நின்ற ஃபிலடெல்ஃபியாவின் வரிசையைப் பார்த்தால் பாடம் இன்னும் தெளிவு. வலது டேக்கிள் லேன் ஜான்சன், ஃபிஷர் முதலாவதாக எடுக்கப்பட்ட அதே 2013 டிராஃப்டில் நான்காவதாக வந்தவர், அன்றிலிருந்து அங்கேயே ஆடிவந்தவர். இடது டேக்கிள் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடியவர். 2018-இல் 233-ஆவதாக எடுக்கப்பட்டபோது அமெரிக்கக் கால்பந்தில் ஒரு ஆட்டமும் ஆடியிருக்கவில்லை. இடது கார்டும் சென்டரும் டிராஃப்டில் வந்தவர்கள். சந்தையில் எடுத்தது வலது கார்டு மெக்கை பெக்டன் ஒருவரை மட்டும். அவரும் வேறோர் அணியில் டேக்கிளாகச் சரிப்படாமல், ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்தவர். 2013 முதல் அன்றுவரை இவர்களுக்கெல்லாம் ஒரே பயிற்சியாளர், ஜெஃப் ஸ்டவுட்லண்ட். ஃப்ரீ ஏஜென்சியில் வரிசையைக் கட்டுவது எப்படி என்று கேட்கும் மேலாளர்களுக்கு என் பதில், ஒரு கார்டை வாங்குங்கள், மற்றதை முந்தைய நான்கு டிராஃப்டில் செய்திருக்க வேண்டும் என்பதே.

2025 மார்ச்சில் சீஃப்ஸ் மறுபடி வரிசையைப் பிரித்தது. 32 வயதுத் தூனியை, ஒரு நான்காம் சுற்று டிராஃப்ட் இடத்துக்குச் சிகாகோவிடம் கொடுத்தார்கள். அங்கே இளம் குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் முந்தைய பருவத்தில் 68 முறை வீழ்த்தப்பட்டிருந்தார். சிகாகோ தூனியோடு கார்டு ஜோனா ஜாக்சனையும் சென்டர் டுரூ டால்மனையும் சேர்த்துக்கொண்டது. மூவரும் நடு இடத்துக்காரர்கள் என்பது கவனிக்கத் தக்கது. சீஃப்ஸ் தன் பங்குக்கு டேக்கிள் ஜெய்லன் மூரை இரண்டு ஆண்டுக்கு 3 கோடிக்கு வாங்கியது. டிராஃப்டின் முதல் சுற்றுக் கடைசி இடத்தில் ஒஹாயோ ஸ்டேட் டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸையும் எடுத்தது. ஹம்ஃப்ரிக்கு முந்தைய ஆகஸ்டிலேயே நான்கு ஆண்டுக்கு 7.2 கோடி கொடுத்தாயிற்று, சென்டர்களில் அன்று அதுவே உச்சம். டிரே ஸ்மித்துக்கு முதலில் டேக் குத்தினார்கள், கார்டு ஒருவருக்கு டேக்கிள் விலை, 2.34 கோடி. ஜூலையில் அது நான்கு ஆண்டுக்கு 9.4 கோடி டாலர் ஒப்பந்தமாக மாறியது. 226-ஆவதாக எடுக்கப்பட்டவர், லீகிலேயே அதிக ஊதியம் பெறும் கார்டு ஆனார்.